அப்பா அம்மா இருக்கும் வீடு: எந்தப் பணத்தை எந்த வேலைக்கு எடுப்பது

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, இந்தப் பக்கம் கோபாலபுரம் என்று பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில், கேரள-தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற ஊர்களில் பல வீடுகளின் நிலைமை ஒன்றுதான். தோட்டத்து வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர். பிள்ளைகள் கோயமுத்தூரிலோ திருப்பூரிலோ கொச்சியிலோ. "எங்ககூட வந்துருங்க" என்றால் வரமாட்டார்கள். பெரும்பாலும் வர வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டைச் சரியான இடங்களில் மாற்றிக் கொடுத்தால் அவர்கள் அங்கேயே இருக்கலாம்.

ஆனால் நடப்பது வேறு. ஒருவர் வழுக்கி விழுந்த பிறகு, பதற்றத்தில் மேஸ்திரியைக் கூப்பிட்டு, நகையை அடமானம் வைத்து, பாத்ரூமை முழுதாக இடித்துக் கட்டுகிறார்கள். புது டைல்ஸ், புது ஷவர் எல்லாம் வந்துவிடும். கைப்பிடிக் கம்பி மட்டும் "அப்புறம் போட்டுக்கலாம்" என்று நின்றுவிடும், பணம் தீர்ந்துவிட்டதால். விழாமல் காப்பாற்றக்கூடியது அந்தக் கம்பிதான்.

ஆகவே எவ்வளவு செலவாகும் என்று கேட்பதற்கு முன்னால், எந்த வேலைக்கு எந்தப் பணம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். சில வேலைகளைக் கைக்காசில் இந்த வாரமே முடிக்கலாம். சில சாமான்களை விலை கொடுத்து வாங்கவே வேண்டாம். மிச்சம் இருக்கிற கட்டட வேலைக்கு மட்டும்தான் கடனைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வட்டிதான் கூடும்.

கைக்காசில் முடிகிற வேலைகள்

முதலில் கம்பி. 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பிடிக்கும் பகுதி 32 முதல் 38 மி.மீ. விட்டம், சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் விரல் நுழைய 4 முதல் 5 செ.மீ. இடைவெளி. கம்மோடுக்குப் பக்கச் சுவரில், தரையிலிருந்து 70 முதல் 75 செ.மீ. உயரத்தில் படுக்கையாக ஒன்று. பாத்ரூம் வாசலில், உள்ளே கால் வைக்கும் இடத்தில் செங்குத்தாக ஒன்று. குளிக்கும் இடத்தில் இன்னொன்று. உயரத்தை அளவு நாடாவை நம்பி மட்டும் முடிவு செய்யாமல், பெரியவரை உட்காரவைத்து எழச் சொல்லி, கை தானாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்பி பிடுங்கிக்கொண்டு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் சுவர்தான். செங்கல் சுவரில் கல்லின் நடுவில் துளை போட்டு, 75 மி.மீ. நீள ஆங்கர் போல்ட் இறக்கினால் நிற்கும். பூச்சிலோ இரண்டு கல்லின் இடுக்கிலோ போட்டால் நிற்காது. ஹாலோ பிளாக் சுவரில் ஆங்கர் உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் போய் விரியும்; பிடிக்கிற மாதிரி இருக்கும், ஆள் எடை விழுந்ததும் வந்துவிடும். வெட்டுக்கல்லும் பழைய மண்சுவரும் இதைவிட மோசம். இந்த மாதிரிச் சுவர்களில் போல்ட்டைச் சுவர் தாண்டி மறுபக்கம் வரை விட்டு, அங்கே 10 செ.மீ. சதுர இரும்புத் தகடு வைத்து நட்டு முடுக்குவதுதான் நம்பக்கூடிய வழி. டைல்ஸ் மேல் துளையிடும்போது டைல் தாண்டும்வரை டிரில்லின் ஹேமரைப் போடக்கூடாது, டைல் வெடித்துவிடும். ரப்பர் உறிஞ்சியால் ஒட்டிக்கொள்ளும் கம்பியையும், துண்டு போடும் ராடையும் கைப்பிடியாகக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். மாட்டி முடித்ததும் வளர்ந்த ஆள் ஒருவர் முழு எடையும் போட்டு இழுத்துப் பார்த்த பிறகுதான் கூலி.

அடுத்து கதவு. பாத்ரூம் கதவு உள்பக்கமாகத் திறந்தால், விழுந்து கிடப்பவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். ஆசாரியை வைத்துக் கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி செய்யுங்கள். உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கிற பூட்டு போடுங்கள். அரை நாள் வேலை.

கட்டில் உயரம் 45 முதல் 50 செ.மீ. உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படியவேண்டும். கட்டிலில் இருந்தபடியே எட்டுகிற மாதிரி டூ வே சுவிட்ச். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஆள் அசைவில் எரிகிற சின்ன எல்.இ.டி. விளக்குகள், அந்த வரிசை இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். மீட்டர் பக்கத்தில், மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் இதோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். ஹீட்டர் இருக்கிற வீட்டில் அதைத் தள்ளிப்போடவே கூடாது. சிவப்பு ஆக்சைடு தரை உள்ள பழைய வீடுகளில் தரையை உடைக்க வேண்டியதில்லை. ஈரம் படுகிற இடங்களை மட்டும் கவனித்தால் போதும்.

இவை எல்லாம் சேர்ந்தும் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். இதற்குக் கடன் வாங்கக்கூடாது. கடன் கிடைக்கட்டும் என்று காத்திருக்கவும் கூடாது.

விலைக்கு வாங்க வேண்டாதவை

கம்மோடு சேர், வாக்கர், வீல்சேர், தண்ணீர் மெத்தை. இவற்றுக்குக் கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய இடங்கள் உண்டு. கேரளப் பக்கம் பஞ்சாயத்து தோறும், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்கும் பாலியேட்டிவ் பிரிவு இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து இயங்குகிறது. வீட்டுக்கு வரும் நர்ஸிடமோ ஆஷா பணியாளரிடமோ சொன்னால், கையிருப்பில் இருப்பதைத் தேவை தீரும்வரை பயன்படுத்தக் கொடுப்பார்கள். இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதத்துக்கு மட்டும் கம்மோடு சேர் தேவைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். அவரிடம் கம்பி உயரத்தையும் கட்டில் உயரத்தையும் ஒருமுறை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மேஸ்திரிக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

மத்திய அரசின் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனா 60 வயது தாண்டியவர்களுக்கானது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களும் மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் உள்ளவர்களும் சேரலாம். ஊன்றுகோல், வாக்கர், வீல்சேர், காது கருவி போன்றவை இலவசம். ஆனால் முகாமில் அளவெடுத்த பிறகு சாமான் கைக்கு வர நாளாகும். அவசரத் தேவைக்கு இதை நம்ப முடியாது. பக்கவாதத்தாலோ மூட்டுத் தேய்வாலோ 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால், அடிப் என்கிற இன்னொரு மத்தியத் திட்டமும் திறக்கும். அதில் மாத வருமானம் 22,500 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு உபகரணம் முழு இலவசம்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு ஒரு குழப்பம் வரும்: பிள்ளை பொள்ளாச்சியில், பெற்றோர் கொழிஞ்சாம்பாறையில், எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது? பெரியவரின் ரேஷன் கார்டும் ஆதார் முகவரியும் எங்கே இருக்கிறதோ அங்கேதான். வசதிக்காகப் பெயரை இந்தப் பக்கம் மாற்றிவிட்டு, பிறகு அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து உதவியை இழந்துவிடாதீர்கள். கேரளப் பஞ்சாயத்துகள் ஆண்டுத் திட்ட நிதியில் முதியோருக்குக் கட்டிலும், ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டுப் பழுது பார்க்க உதவியும் ஒதுக்குவது வழக்கம். பட்டியல் கிராம சபை வழியாகத்தான் போகும். ஏழைக் குடும்பங்களுக்கான மஞ்சள் அல்லது பிங்க் ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் வார்டு மெம்பரிடம் முன்கூட்டியே சொல்லி, கிராம சபையில் பெயரைப் பதிய வேண்டும். அனுமதி வரும் முன் வேலையைத் தொடங்கிவிட்டால் பணம் கிடைப்பது கடினம். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் தருகிறது. மலையாளம் எழுதத் தெரியவில்லை என்று மனு கொடுக்காமல் இருந்துவிட வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: மருத்துவக் காப்பீடு இந்த வேலைகளுக்குக் காசு தராது. 70 வயது தாண்டிய எல்லோருக்கும் 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா கார்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு மட்டும்தான்.

இடித்துக் கட்ட வேண்டியவை

பெரிய செலவு இரண்டே இடத்தில் வரும். ஒன்று கக்கூஸ், இன்னொன்று வாசல்.

தரையோடு இருக்கும் இந்தியன் கிளாசெட்டை வெஸ்டர்னாக மாற்றும்போது பல இடங்களில் நடக்கும் தவறு, பழைய பி-டிராப்பை (நாற்றம் வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் குழாய் வளைவு) தரைக்குள் அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல், தன்னுள்ளேயே அப்படி ஒரு வளைவு கொண்ட எஸ்-டிராப் கம்மோடை உட்காரவைப்பது. ஒரே குழாயில் இரண்டு இடத்தில் தண்ணீர் தேங்கி, நடுவில் காற்று அடைத்துக்கொள்ளும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மெதுவாகவே இறங்கும், அடிக்கடி அடைக்கும். "செப்டிக் டேங்க் நிறைஞ்சிருச்சு" என்று டேங்கைச் சுத்தம் செய்து இன்னொரு செலவும் செய்வார்கள். பழைய டிராப்பை எடுத்துவிட்டு, 110 மி.மீ. பி.வி.சி. குழாயை நேராகக் கொடுத்தால்தான் சரி. கம்மோடு வாங்கும் முன் பின்சுவரிலிருந்து குழாயின் மையம் வரை அளந்துகொண்டு போங்கள். 9 அங்குலம், 10 அங்குலம், 12 அங்குலம் என்று பீஸுக்குப் பீஸ் மாறும். உட்காரும் உயரம் 45 முதல் 48 செ.மீ. இருக்கட்டும். பக்கச் சுவரிலிருந்து கம்மோடின் நடு 45 செ.மீ. தூரத்தில் வரவேண்டும், அதற்கு மேல் போனால் கம்பி எட்டாது.

தரைக்கு 30 செ.மீ. சதுர மேட் டைல்ஸ் எடுங்கள், பளபளப்பானது வேண்டாம். சின்ன டைலில் இடுக்கு அதிகம், கால் பிடிக்கும். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு 2 செ.மீ. வாட்டம். டைல்ஸ் பதிக்கும் முன் வாட்டர்புரூஃபிங் செய்து, தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்கத்தான் மேஸ்திரிகள் அவசரப்படுவார்கள். விடாதீர்கள்.

இடிக்கக் காசில்லை, அல்லது தேவை தற்காலிகமானது என்றால் இந்தியன் கிளாசெட் மேலேயே கம்மோடு ஸ்டூலை வைத்துக்கொள்ளலாம். அதன் காலடி ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தேய்ந்த புஷ் ஈரத் தரையில் சறுக்கும்.

வாசலுக்கு வருவோம். சரிவுப் பாதை என்றால் 1:12 என்பதுதான் கணக்கு. 15 செ.மீ. படி ஒன்றுக்கு 1.8 மீட்டர் நீளம். மூன்று படி, அதாவது 45 செ.மீ. உயரமுள்ள திண்ணைக்கு 5.4 மீட்டர். இடம் இல்லை என்று பாதி நீளத்தில் கட்டினால், வீல்சேர் தள்ளுகிறவரும் சேர்ந்து உருண்டுவிடுவார். 5.4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட சரிவுக்குள் நிரப்புவதற்கு அரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) கிராவல் போதும். மேலே 10 செ.மீ. கான்கிரீட்டுக்கு 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் ஏறக்குறைய 4 மூட்டை சிமென்ட் பிடிக்கும். பக்கச் சுவருக்கும் பூச்சுக்கும் தனி. நிரப்பை 15 செ.மீ. அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்காவிட்டால், முதல் மழையில் உள்ளே இறங்கிக் கான்கிரீட் விரிசல் விடும். மேல்பரப்பைக் கரண்டியால் வழவழப்பாக்காமல் தென்னந்துடைப்பத்தால் குறுக்காகக் கோடு இழுத்து விடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி.

வீல்சேர் இல்லாமல், தடி ஊன்றி நடக்கிறவருக்குச் சரிவுப் பாதை தேவையில்லை. மூட்டு வலி உள்ள சிலருக்குச் சரிவில் இறங்குவது படி இறங்குவதைவிடச் சிரமமாக இருக்கலாம். அவர்களுக்குப் படியின் உயரத்தை 10 செ.மீ. ஆகக் குறைத்து, அகலத்தை 35 செ.மீ. ஆக்கி, இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டால் போதும், செலவும் குறைவு. ராம்ப் கட்டத்தான் வேண்டும் என்று முடிவெடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

கூலியில் எல்லைக்கு எல்லை பெரிய வித்தியாசம் உண்டு. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்கில் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 852 ரூபாய், தமிழ்நாட்டில் 500 ரூபாய். இப்போது இரண்டு பக்கமும் ஏறியிருக்கிறது, கொத்தனார் கூலி இதற்கும் மேலே. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஆள் கூட்டிப் போவது வழக்கம்தான். போக்குவரத்தையும் சாப்பாட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகே லாபமா என்று சொல்ல முடியும். டைல்ஸ், கம்மோடு போன்றவற்றை எந்தப் பக்கமும் வாங்கலாம். எம்-சாண்டும் ஜல்லியும் வீடு இருக்கிற பக்கமே வாங்குவது நல்லது. எல்லை தாண்டும் வண்டிக்கு, கனிமம் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு (டிரான்சிட் பாஸ்) கேட்பார்கள்.

கடன் என்று வந்தால்

பெரியவர்கள் பெயரில் வங்கி டெபாசிட் இருந்தால், உடைக்கும் முன் அதன் மேல் கடன் கேளுங்கள். டெபாசிட் வட்டியைவிட 1 முதல் 2 சதவீதம்தான் கூடுதலாக வாங்குவார்கள். சில மாதத்தில் அடைத்துவிடலாம் என்றால் இதுதான் மலிவு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்ட பணத்தின் மேல் கடன் கிடையாது. இடையில் முடித்தால் இரண்டாம் ஆண்டில் 1.5 சதவீதமும், அதற்குப் பிறகு 1 சதவீதமும் பிடிப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்துச் செலவுக்கு வருகிற வட்டி அது. டைல்ஸுக்காக அதை நிறுத்தக்கூடாது என்பது என் கருத்து.

நகைக்கடன் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாமல் போவது அது முடிகிற தேதி. ஓராண்டுக் கடனை வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால், ஒரு பாத்ரூமுக்கு இரண்டு பாத்ரூம் விலை கொடுத்தாகும். அம்மாவின் நகையை வைக்கிறோம் என்றால், மாதா மாதம் அசலில் யார் எவ்வளவு கட்டுவது என்று பிள்ளைகள் முன்கூட்டியே பேசி, நோட்டில் எழுதிவிடுங்கள்.

கேரளப் பக்கம் அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் சிட்டி, அதாவது ஏலச் சீட்டு, பழக்கம் உண்டு. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துச் செய்யப்போகும் ராம்ப் மாதிரியான வேலைக்கு அது பொருந்தும். முதல் மாதங்களிலேயே ஏலம் எடுக்கப் போட்டி போட்டால் சீட்டுத் தொகையில் 30 சதவீதம் வரை தள்ளுபடியாகப் போய்விடும். எடுத்த பணத்துக்கு ஜாமீன் காட்டவேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வங்கியின் வீட்டுப் பராமரிப்புக் கடன் பெரிய தொகைக்குச் சரி. ஒன்றரை லட்சத்துக்கு வாங்கினால் வக்கீல் கருத்து, மதிப்பீடு, ஆவணக் கட்டணம் எல்லாம் சேர்ந்து கடனின் உண்மையான விலையை ஏற்றிவிடும். விண்ணப்பிக்கிறவர் 70ஐ நெருங்கியிருந்தால் பிள்ளையைச் சேர்க்காமல் தரமாட்டார்கள். பிள்ளையின் இ.பி.எஃப். வீட்டு முன்பணமும் அவர் பெயரிலோ துணைவர் பெயரிலோ உள்ள வீட்டுக்கானதுதான்; அப்பா பெயரில் உள்ள வீட்டுக்கு உதவாது.

வீட்டையே வைத்து வாங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் பற்றியும் கேட்கிறார்கள். 60 வயது, சொந்தமாகச் சம்பாதித்த வீடு, வில்லங்கமில்லாத பத்திரம், அந்த வீட்டில் அவரே குடியிருப்பது, இவை அடிப்படை நிபந்தனைகள். வீட்டைப் புதுப்பிக்க மொத்தமாகத் தொகை எடுக்கவும் அதில் இடம் உண்டு. ஆனால் நம் பக்கத்துத் தோட்டத்து வீடுகள் பெரும்பாலும் தாத்தா சொத்து, பாகம் பிரிக்காதவை. அங்கேயே விண்ணப்பம் நின்றுவிடும். கம்பிக்கும் கம்மோடுக்குமாக அந்தப் பக்கம் போகவே தேவையில்லை.

"செலவு நான் பண்றேன், வீட்டை என் பேருக்கு எழுதிக் குடுத்துருங்க" என்று ஒரு பிள்ளை கேட்பதும் நடக்கிறது. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும்போது அந்த வரிதான் கைகொடுக்கும். மிரட்டலோ நெருக்குதலோ இருந்தால் 14567 என்ற எல்டர்லைன் எண்ணுக்குப் பெரியவரே கூப்பிடலாம், கட்டணம் இல்லை.

வரிச் சலுகையில் பலர் தவறவிடுவது வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு. சார்ந்திருக்கும் பெற்றோருக்கு 40 சதவீத ஊனச் சான்று இருந்து, அவரைப் பராமரிக்கும் செலவைப் பிள்ளை செய்தால், பழைய வரி முறையில் 75,000 ரூபாய் கழிவு. 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. அந்தப் பெற்றோர் தன் ஊனத்துக்காகத் தன் பெயரிலேயே 80யு பிரிவில் கழிவு எடுத்திருக்கக்கூடாது. குடியிருக்கும் வீட்டைப் பழுது பார்க்க வாங்கிய கடனின் வட்டிக்கும் பழைய வரி முறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. அது வீட்டின் உரிமையாளருக்குத்தான்; அப்பா வீட்டுக்குக் கடன் கட்டும் மகனுக்கோ மகளுக்கோ கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. ஆடிட்டரிடம் பழைய எண்ணைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

மேஸ்திரிக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி. பாத்ரூம் வேலையை நாள் கூலிக்கு விட்டால் இழுத்துக்கொண்டே போகும். லேபர் கான்ட்ராக்டாக, என்னென்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிப் பேசுங்கள். பழைய டிராப்பை எடுப்பது, 48 மணி நேரத் தண்ணீர்ச் சோதனை, இடித்த மண்ணை அள்ளிப்போடுவது, கம்பி மாட்டுவது நான்கும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பிறகு "அது தனி" என்று வருவது இவைதான். சாமானை நீங்களே வாங்கிக் கொடுங்கள், பில் பெரியவர் பெயரில், வீட்டு முகவரியோடு இருக்கட்டும். இடிப்பு முடிந்ததும் ஒரு பங்கு, தண்ணீர் நின்று பார்த்த பிறகு ஒரு பங்கு, டைல்ஸ் முடிந்ததும் ஒரு பங்கு. கடைசி 10 சதவீதத்தைப் பெரியவர் ஒரு வாரம் புழங்கிப் பார்த்த பிறகு கொடுங்கள். வேலை நடக்கிற நாட்களில் அவர்கள் எந்தக் கக்கூஸுக்குப் போவார்கள் என்பதை இடிப்பதற்கு முதல் நாளே முடிவு செய்து, பாலியேட்டிவிலிருந்து கம்மோடு சேரை வாங்கி வைத்துவிட்டு, அதன் பிறகு சுத்தியலை எடுக்கச் சொல்லுங்கள்.